இலவச டிஷ்: கோவில்பட்டி நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். கேபிளை நிறுத்திவிட்டு இலவச டிஷ் போடலாமா, போட்டால் எதை வாங்குவது, பக்கத்து வீட்டு டிஷ்ஷில் மட்டும் படம் ஏன் அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று கேட்டிருந்தாய். விரிவாகவே எழுதுகிறேன். மாடி ஏறும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

என்ன வரும், என்ன வராது என்பதை முதலில் வீட்டில் பேசி முடித்துவிடு. அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ், 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணமோ ரீசார்ஜோ கிடையாது. டிஷ், பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரு தடவை இரண்டாயிரம் ரூபாய் அளவில் செலவு, அவ்வளவுதான். தூர்தர்ஷன் சேனல்கள் வரும். 2024 ஜனவரியில் பொதிகை பெயர் மாறி டி.டி. தமிழ் ஆனதே, அதுவும் வரும். ஆகாசவாணி நிலையங்கள் நாற்பதுக்கும் மேல் கிடைக்கும். ரேடியோ கேட்கும் அம்மாவுக்கு அது பெரிய வசதி. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து; ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்தவை, பெரும்பாலும் இந்தி. கட்டணச் சேனல் ஒன்றுகூட வராது. தங்கச்சி பார்க்கும் சாயங்காலத் தொடர்கள் கட்டணச் சேனலில் என்றால், கேபிளை விட்டுவிடாதே. இலவச டிஷ்ஷை அம்மா அறைக்குத் தனியாகப் போடு. "வாழ்நாள் முழுக்க எல்லாத் தமிழ்ச் சேனலும் இலவசம்" என்று கடையில் யார் சொன்னாலும் நம்பாதே.

மாடியில் நிற்கும் பழைய அலுமினியக் குழாய் ஆன்டெனா இதற்கு உதவாது. அது தரைவழி ஒளிபரப்புக்கானது. அந்தப் பழைய அனலாக் நிலையங்களைத் தூர்தர்ஷன் 2022-க்குள் பெரும்பாலும் மூடிவிட்டது. கம்பம் துருப்பிடிக்காமல் ஆடாமல் இருந்தால் கம்பத்தை மட்டும் வைத்துக்கொள்.

பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை), டி.வி.பி.-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை) இரண்டும் அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும். எம்பெக்-2 மட்டும் தெரிந்த மலிவு பாக்ஸ் இன்னும் விற்கிறார்கள். அதில் சில சேனல்கள் பட்டியலிலேயே வராது, வந்தாலும் திரை கறுப்பாக நிற்கும். புது டி.வி. வாங்கும் எண்ணம் இருந்தால் பின்பக்கம் மரை போட்ட உலோக முனை இருக்கிறதா, பக்கத்தில் சாட்டிலைட் என்றோ எல்.என்.பி. (டிஷ்ஷின் கை நுனியில் அலையைப் பிடித்து ஒயருக்கு இறக்கும் கருவி) என்றோ எழுதியிருக்கிறதா என்று பார். இருந்தால் டிஷ் ஒயரை நேரே அதில் திருகிவிடலாம், பாக்ஸே வேண்டாம். இப்படிப்பட்ட டி.வி.களுக்கென்றே ஐ.எஸ். 18112 என்று ஒரு தரநிலை 2022-இல் வந்திருக்கிறது.

டிஷ் 60 செ.மீ. போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் படம் நிற்க வேண்டுமானால் 90 செ.மீ. வாங்கு; பரப்பு இரண்டேகால் மடங்கு, மழைக்குத் தாங்கும் சிக்னல் இருப்பு மூன்றரை டெசிபல் (சிக்னல் பலத்தின் அளவு) கூடும். காற்றும் அதிகமாகப் பிடிக்கும் என்பதால் கம்பம் கனமாக இருக்க வேண்டும். எல்.என்.பி.யின் மேல் 9.75 / 10.6 என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழைய கட்டண டிஷ் கிடந்தால் தட்டை மட்டும் பயன்படுத்து, அதன் எல்.என்.பி. வேறு வகையாக இருக்கலாம். இரண்டு டி.வி. என்றால் இரட்டை வாய் எல்.என்.பி. வாங்கி இரண்டு ஒயர் இறக்கு. ஒயர் ஆர்.ஜி.-6, 75 ஓம். உள்ளே சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் அடர்த்தியாகவும் உள்கம்பி தடிமனாகவும் இருப்பதைக் கேட்டு வாங்கு. 25 மீட்டருக்குள் முடித்துக்கொள், நடுவில் ஒட்டுப் போடாதே.

இனி திசை. செயற்கைக்கோள் (இனி கோள் என்றே எழுதுகிறேன்) நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில். கோவில்பட்டியிலிருந்து பார்த்தால் திசைமானியில் 120 டிகிரி, அதாவது நேர் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 30 டிகிரி. உயரம் தொடுவானத்திலிருந்து 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேல். சென்னையில் உன் மகன் போடுவதானால் திசை 134, உயரம் 68. கோயம்புத்தூரில் 123, 67. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் நமக்கு மறைவு பெரிய பிரச்சினை இல்லை. டிஷ்ஷைவிடப் பத்தடி உயர்ந்த சுவர் இருந்தாலும் ஐந்தடி தள்ளி வைத்தால் போதும். தென்னை மட்டையும் சன்ஷேடும்தான் எதிரி. திசைமானியை இரும்புக் கம்பத்துக்கு அருகில் வைத்துப் பார்க்காதே, ஊசி பொய் சொல்லும்.

ஒன்று கவனி. டிஷ்ஷின் முகம் 69 டிகிரி அண்ணாந்து இருக்காது. இந்த வகைத் தட்டுகளில் எல்.என்.பி. கை கீழே தள்ளி இருப்பதால், அலை வரும் கோணம் தட்டின் கோணத்தைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி அதிகம். முகம் 45 டிகிரி அளவில் சாய்ந்ததாகத்தான் தெரியும். பார்ப்பவர்கள் "இன்னும் தூக்கு" என்பார்கள், தூக்காதே. தாங்கியில் பொறித்திருக்கும் அளவுகோலை நம்பு. அந்த அளவுகோல் உண்மை பேச வேண்டுமானால் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிஷ்ஷை ஏற்று.

பாக்ஸில் எல்.என்.பி. வகை யுனிவர்சல் 9750/10600, எல்.என்.பி. பவர் ஆன், டைசெக் (பல எல்.என்.பி.களை மாற்றும் வசதி) ஆஃப். அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கொடு. திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. இந்த வேலையில் நீ நம்ப வேண்டியது குவாலிட்டியை மட்டும்தான். ஸ்ட்ரெங்த் என்பது ஒயர் வழியே வரும் எல்லா அலைகளின் மொத்த பலம், எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே, டிஷ் வெறும் ஆகாயத்தைப் பார்த்தாலும் அது 60, 70 காட்டும். குவாலிட்டி மட்டும்தான் சரியான கோளின் சரியான அலை பிழையில்லாமல் வருகிறதா என்று சொல்லும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் வந்து "சிக்னல் 80 சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், எந்தப் பட்டை என்று கேட்கச் சொல். கீச்சிடும் மலிவு மீட்டரும் ஸ்ட்ரெங்த்தை மட்டுமே அளக்கும். கட்டண நிறுவனமான டிஷ் டிவியின் கோள் 95 டிகிரியில், ஒன்றரை டிகிரி பக்கத்திலேயே நிற்கிறது. மீட்டர் அதற்கும் அதே மாதிரி கீச்சிடும்.

உயரத்தை அளவுகோலில் 69-இல் வைத்துவிட்டு டிஷ்ஷைக் கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி மெல்லத் திருப்பு. ஒரு டிகிரி திருப்பி மூன்று விநாடி நிற்க வேண்டும். பாக்ஸ் அலையைப் பிடித்து எண்ணைக் காட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். அவசரமாகத் திருப்பினால் கோளைத் தாண்டிப் போனதே தெரியாது. குவாலிட்டி எழுந்தவுடன் நிறுத்தி, உயரத்தைச் சிறிது ஏற்றி இறக்கி உச்சத்தைப் பிடி. அடுத்து எல்.என்.பி.யைப் பிடிப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்று. பலர் இதைச் செய்வதே இல்லை. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம், கோளோ நமக்குக் கிழக்கே. செங்குத்து என்று அனுப்பும் அலை நம்மிடம் நன்றாகச் சாய்ந்து வந்து சேர்கிறது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி இடது பக்கம், கடிகாரத்துக்கு எதிராகச் சுழற்றிப் பார். குவாலிட்டி பல புள்ளிகள் ஏறும். நட்டுகளை மாற்றி மாற்றி, கால் சுற்றாக முறுக்கு. ஒரே பக்கம் முறுக்கினால் தட்டு நகர்ந்துவிடும். கடைசியாக பிளைண்ட் ஸ்கேன் (பாக்ஸ் தானே எல்லா அலைவரிசையையும் தேடுவது) கொடு. ஏலத்தில் எடுத்த இடங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. எனவே ஏப்ரல் பிறந்ததும் ஒரு தடவை மறுபடி ஸ்கேன் செய். "சேனல் காணாமல் போச்சு" என்பதில் பாதி இதுதான்.

கோளாறுகளில் பெரும்பாலானவை டிஷ்ஷிலோ பாக்ஸிலோ இல்லை, ஒயர் முனையில் இருக்கின்றன. எஃப் கனெக்டர் (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) போடும்போது பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடு. வெளித்தோலை 13 மி.மீ. உரித்துப் பின்னலைப் பின்னுக்கு மடக்கு. ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, தொட்டால் எல்.என்.பி. ஷார்ட். வெள்ளைக் காப்பு 6 மி.மீ. நிற்கட்டும். கனெக்டரை ஏற்றியதும் வெள்ளை உள்தளத்தோடு சமமாகவும், நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. நீட்டியும் இருக்க வேண்டும். அமுக்கிப் பொருத்தும் வகை வாங்கு; திருகு வகையில் தண்ணீர் புகும். எல்.என்.பி. முனைக்கு ரப்பர் உறை போட்டு, ஒயரை கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்துக் கட்டு. மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஓடாது.

படமே வராவிட்டால் முதலில் இரண்டு பட்டைகளையும் பார். இரண்டும் பூஜ்யம் என்றால் மின்சாரம் மேலே போகவில்லை. எல்.என்.பி. முனையைக் கழற்றி நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மல்டிமீட்டர் வை: 13 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பாக்ஸ் வாயில் வந்து மாடியில் வராவிட்டால் கோளாறு ஒயரில். எல்.என்.பி.யை மாட்டியதும் வோல்ட் விழுந்துவிட்டால் கோளாறு எல்.என்.பி.யில். ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி பூஜ்யம் என்றால் டிஷ் நகர்ந்திருக்கும், குரங்கோ காற்றோ. காலையில் ஓடி உச்சி வெயிலில் மட்டும் நின்றால் எல்.என்.பி. வயதாகிவிட்டது, சூட்டில் அதன் உள் அலைவரிசை நழுவுகிறது, மாற்று. பாக்ஸ் அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால் அடாப்டரை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பாக்ஸைக் குறை சொல்.

சில சேனல் கூட்டம் மட்டும் விட்டு விட்டு வந்தால் செல்போன் கோபுரம் அருகில் இருக்கிறதா என்று பார். ஃப்ரீ டிஷ்ஷின் இன்னொரு சேனல் கூட்டம் வரும் 11550 அலைவரிசை எல்.என்.பி.யில் இறங்கி ஒயரில் 1800 மெகாஹெர்ட்ஸாகப் போகிறது. 1805-க்கு மேல் 4ஜி கோபுரங்களின் இடம். பின்னல் மெலிந்த ஒயரும் தளர்ந்த கனெக்டரும் அதை உள்ளே விட்டுவிடும். பக்கத்து வீட்டில் நீ சொன்ன அறிகுறி இதற்குப் பொருந்துகிறது. முதலில் இரண்டு கனெக்டரையும் புதிதாகப் போட்டுப் பார்க்கச் சொல். பச்சைப் பூத்திருந்தால் பின்னல் பளிச்சென்று தெரியும் வரை ஒயரை வெட்டு.

கனமழையில் சில நிமிடம் நிற்பது இயல்பு. தூறலுக்கே நின்றால் குறி தப்பியிருக்கிறது. மார்ச் நடுவில் காலை பதினொன்றே கால் வாக்கிலும், செப்டம்பர் கடைசியில் பதினொன்றுக்குச் சற்று முன்னும் சில நாள், சில நிமிடம் படம் போகும். சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருவதால் அது. டிஷ்ஷைத் தொடாதே, தானாக வந்துவிடும். இடி இடித்தால் மட்டும் பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றி வை. கம்பத்துக்கு எர்த் கம்பி இழுத்துவிடு.

போட்டு முடித்ததும் வெயில் நாளில் 11090-இலும் 11550-இலும் குவாலிட்டி எவ்வளவு என்று பாக்ஸ் மூடியிலேயே எழுதி ஒட்டு. அடுத்த தடவை கோளாறு வந்தால் ஒப்பிட அந்த இரண்டு எண்கள் வேண்டும். எனக்கும் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராஜாமணி