படகுத்துறைத் தம்பிக்கு நன்றி

போன வியாழன் சாயங்காலம் பினாங்கு பட்டர்வொர்த் படகுத்துறையில் மடிக்கணினியோடு முழித்துக்கொண்டிருந்த டீச்சர் நான்தான். தம்பி, உங்கள் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான தமிழ்க் கேள்வித்தாளை கூகுள் ஃபார்ம்ஸில் ஒட்டினால், தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்துகளாக வந்து விழுந்தது. மூன்று நாளாக இதே கூத்து. கேட்டவர்கள் எல்லாம் "லைன் ஸ்லோ, டீச்சர்" என்றார்கள். நீங்கள்தான் எட்டிப் பார்த்து, "இது பழைய எழுத்துரு டீச்சர், யூனிகோடுக்கு மாத்தணும்லா" என்றீர்கள். யூனிகோடு என்றால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையாம். மாற்றியும் காட்டினீர்கள். முதல் கேள்வி தமிழில் வந்து நின்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள்!

தமிழ்99 விசைப்பலகையையும் போட்டுக் கொடுத்தீர்கள். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். 'அம்மா' அடிக்கும்போது 'ம' இரண்டு தட்டு தட்டினால் புள்ளி தானாக விழுகிறது! இத்தனை வருஷம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக விசை தேடியவள் நான்.

அதற்குள் படகு வந்துவிட்டது, நீங்கள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள்.

நேற்று மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்குள் போய், கூகுள் கிளாஸ்ரூமில் நானே பயிற்சியை ஏற்றினேன். 29 பேரில் 26 பேர் எழுதிவிட்டார்கள். மீதி மூவரும் தாளில் கொடுத்தாலும் எழுதாதவர்கள், அது வேறு கதை.

மறுபடி படகுத்துறையில் பார்த்தால் கூப்பிடுங்கள், தம்பி. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) என் கணக்கு.