வ.உ.சி. சிலைப் பீடத்தில் வழக்கையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. சிலைகளுக்கு மாலை போடுகிறோம். எங்கள் பகுதிச் சிலையின் பீடத்தில் 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டம், பிறந்த தேதி, மறைந்த தேதி, திறந்து வைத்தவரின் பெயர், இவ்வளவுதான் இருக்கிறது. அவர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்று ஒரு வரிகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், கப்பல் விட்டதால் வெள்ளைக்காரன் பிடித்துப் போட்டான் என்கிறார்கள்.

1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஆங்கிலேயர் கண்ணை உறுத்தியது நிஜம். ஆனால் வழக்குப் போட்டது அவர் பேச்சுக்காக. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாளில், மார்ச் 12 அன்று, இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே சொன்ன தீர்ப்பை இன்று படித்தாலும் வயிறு எரிகிறது. அரசை எதிர்த்துப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை!

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அப்படியும் 1912 கடைசி வரை கோவை, கண்ணனூர் சிறைகளில் கிடந்தார். செக்கிழுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நடந்தது பலருக்குத் தெரியாது. கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) பறிபோயிருந்தது. சென்னையில் சில்லறை வியாபாரம் பார்த்துப் பிழைத்தார். பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் நீதிபதி வாலஸ். அந்த நன்றிக்குத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. இத்தனை பட்ட பிறகும் இப்படி ஒரு மனசு!

சிவாவின் கதை இன்னும் கொடுமை. சிறையில் தொழுநோய் பற்றியது. ரயிலில் ஏறத் தடை. ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1925-இல் பாப்பாரப்பட்டியில் இறந்தபோது வயது 40.

நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வ.உ.சி. சிலை இருக்கும் இடத்தில் ஒரு கல்வெட்டு வையுங்கள். என்ன வழக்கு, என்ன தண்டனை, எந்தெந்தச் சிறை, கோரல் மில்லில் என்ன நடந்தது என்று பத்து வரி போதும். அதில் சிவாவின் பெயரும் மார்ச் 13-இல் இறந்த அந்த நால்வரைப் பற்றிய குறிப்பும் இருக்கட்டும். நவம்பர் 18 நினைவு நாளுக்குள் செய்து முடித்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி