உன் பெயரில் ஒரு கணக்கு

அன்புள்ள தம்பி,

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய இந்த மாதப் பணம் அப்பா கணக்கில் ஏறிவிட்டது. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியாயிற்று. மிச்சம் கம்பிக்கும் சிமெண்டுக்கும் போய்விட்டது. போனில் எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பியது ஏறக்குறைய 12,900 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்புப்படி, இந்தியாவுக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு. உன் ஓவர்டைம் காசும் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் இங்கே உனக்கென்று என்ன இருக்கிறது? மனை அப்பா பெயரில். நகை அடகுச் சீட்டு அம்மா பெயரில். ஊரில் நீ தொடங்கிய சேமிப்புக் கணக்கு சும்மா கிடக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

உடனே ஒரு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கு. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுவதற்கென்றே இருப்பது அது. வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது, வேண்டும்போது பணத்தை அங்கே திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். நாமினியாக அம்மாவைப் போடு. பழைய கணக்கையும் அப்படியே விடக்கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வரவை வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்ப அங்கே தேக்காவில் வரிசையில் நிற்கிறாயே, கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே. ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, எத்தனை ரூபாய் தருகிறார்கள் என்று நாலு இடத்தில் கேள். 600 வெள்ளி அனுப்பும்போது வெள்ளிக்கு 60 பைசா குறைந்தால் 360 ரூபாய் போச்சு. 2023 பிப்ரவரியில் போனில் பணம் அனுப்பும் வசதிகளான சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்தார்கள். சில வங்கிகளில் போனிலிருந்தே அனுப்பலாம், அந்த ரேட்டையும் ஒப்பிட்டுப் பார். வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றி அனுப்பும் உண்டியலில் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். வேண்டாம். அது சட்டவிரோதம். நாளைக்கு நீ வீட்டுக்கடன் கேட்டுப் போனால், இத்தனை வருடம் சம்பாதித்தாய் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

முதல் மாதம் 100 வெள்ளி போட்டால் போதும். தளம் போடுவது ஒரு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா