அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

உன் பதவி உயர்வைப் பற்றி அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கும் பெருமைதான். ஆனால், போன கடிதத்தில் நான் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதிய நீ, புராஸ்டேட் புற்றுநோய் இருக்கக்கூடுமா என்று அறிய, பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவிடம் பேசக் கூச்சமாக இருக்கும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான்.

ஒரு தொந்தரவும் இல்லையே என்பாய். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால், ஆரம்பத்தில் சிறுநீர்ப் பாதையை அழுத்துவதில்லை. அதனால் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தாத்தாவின் இடுப்பு வலியை வாயுப்பிடிப்பு என்று நம்பி எவ்வளவு களிம்பு தேய்த்தோம்! அது நோய் எலும்புக்குப் பரவிய பின் வந்த வலி. அப்பாவுக்கோ வலி எதுவும் வருமுன்பே ரத்தத்தில் தெரிந்துவிட்டது. கட்டி சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்ததால் குணப்படுத்தவும் முடிந்தது.

மற்றவர்கள் 50 வயதில் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசினால் போதும் என்பார்கள். தந்தைக்கு இந்நோய் இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், உன்னைப் போன்றவர்கள் 45 வயதுக்குள்ளேயே பேசிவிட வேண்டும். உனக்கு 46 முடிந்துவிட்டது. சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததையும் மறக்காமல் சொல். இரண்டு நோய்க்கும் காரணமாகக்கூடிய பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு தாய்வழியாகவும் மகனுக்கு வரலாம்.

முடி உதிர்வுக்கு நீ ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுவதாக மருமகள் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. அந்த மாத்திரை பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். மருத்துவருக்கு அது தெரியாவிட்டால், கூடியிருக்கும் அளவும் சரியானதாகவே தோன்றும். அலுவலகத்தில் அத்தனை பேரை மேய்க்கிறவன் இதைச் சொல்ல வெட்கப்படுவதா?

அளவு கூடியிருந்தாலும் புற்றுநோய்தான் என்று நீயாக முடிவுகட்டாதே. வயதால் சுரப்பி பெருத்தாலும், கிருமித் தொற்று வந்தாலும் அது கூடும். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன் பிறகே சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்று போவார்கள். மெதுவாக வளரும் கட்டியாக இருந்தால், அறுவை சிகிச்சை செய்யாமல் கண்காணித்தே வருவதும் உண்டு. அவசரப்பட்டுச் செய்யும் சிகிச்சையால் சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியச் சிக்கலும் வரலாம் என்பதால், சாதக பாதகங்களை முதலிலேயே கேட்டுக்கொள். ஆனால், கேட்பதற்காவது போ.

இந்த மாதமே போ. முடிவு வந்ததும் எனக்கு எழுதக் கூச்சமாக இருந்தால் அப்பாவிடம் சொல். நான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா