மயிலாடும்பாறைக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கல் தேடிக் கிளம்பும் நண்பர்களே,

வணக்கம். கிருஷ்ணகிரிக்காரன் எழுதுகிறேன்.

போனில் 'மயிலாடும்பாறை' என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அதே பெயரில் தேனி மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. அதை நம்பினால் மதுரையையும் தாண்டிப் போக வேண்டியதுதான். எங்களுடையது பர்கூர் வட்டம், தொகரப்பள்ளியைச் சேர்ந்த குக்கிராமம். முதலில் தொகரப்பள்ளிக்கு வழி கேளுங்கள். அப்புறம் ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் போதும், போனை விட அவர் சொல்லும் வழி உருப்படியாக இருக்கும்.

2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். இங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று அறிவித்தார். அந்த நினைப்பில் வந்து "மியூசியம் எங்கே?" என்று ஊர்க்காரர்களை நச்சரிக்காதீர்கள். அகழாய்வு முடிந்தால் தோண்டிய குழியை மூடிவிடுவதுதான் வழக்கம். பாறையும் கல்வட்டங்களும்தான் உங்களுக்குக் காணக் கிடைக்கும். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு இதைவிடப் பழையது என்ற அறிவிப்பு வந்தது. போகட்டும், கூட்டம் குறைந்தால் ஊருக்கு நல்லதுதான்.

கேட்டுக்கொள்ள விரும்புவது ஒன்றுதான்: மண்ணைக் கிளறாதீர்கள். பழங்கால இரும்புக்கு எப்படி வயது சொல்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் அதோடு ஒரே மண்ணடுக்கில் கிடக்கும் கரித்துண்டை வைத்துத்தான். அடுக்கு கலைந்துவிட்டால் அந்தக் கரி அடுப்புக்கரி மாதிரிதான், ஒன்றுக்கும் உதவாது. கீழே கிடக்கும் கறுப்பு சிவப்புப் பானை ஓட்டை 'நினைவுக்கு' என்று பையில் போடுவதும் அதே கெடுதல்தான். அது எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. புதையல் ஆசையில் தோண்டுகிறவர்களைச் சொல்லித் திருத்த முடியாது. படித்தவர்களான நீங்களாவது கேட்பீர்கள் என்றுதான் இந்த மடல்.

கல்வட்டம் என்பது ஒரு சவக்குழியைச் சுற்றி வைத்த கல். அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள். உங்கள் தாத்தா சமாதிமேல் அப்படி நிற்பீர்களா?

பட்டா நிலத்தில் கால் வைக்கும் முன் உடையவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போங்கள். வீரக்கல் பார்க்க ஆசை இருந்தால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நிறையவே வைத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் எட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவன்