வரைபயிற்சித் தாளில் என்ன எழுதுவது? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உப்புவெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீர் நடத்தும் சித்திர வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சித் தாள்களையும், அவற்றின் ஓரத்தில் நீர் எழுதிய குறிப்புகளையும் ஆறுதலாக இருந்து பார்த்தேன். பெரும்பாலான தாள்களில் "நன்று", "இன்னும் முயற்சி தேவை" என்றும், ஒன்றில் "உயிர் இல்லை" என்றும் எழுதியிருக்கிறீர். அதை வாசித்த பிள்ளை அடுத்த தாளில் எதை மாற்றி வரையும்? கோடும் பெட்டியும் நீள்வட்டமும் பழகும் பிள்ளையிடம் உயிரைத் தேடும் காலம் இதுவல்ல. கண்ணால் கண்டு கையால் திருத்தக்கூடிய ஒன்றைச் சொல்வதுதான் இப்போது உமது வேலை.

அந்த வாளிப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் வைத்து வரைந்தது என்கிறீர். வாய் ஓரளவு ஒழுங்கான நீள்வட்டமாக வந்திருக்கிறது. அடியோ வெறும் நேர்கோடு. தரை தட்டையானது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே கண் கண்டதை விட்டுவிட்டு, தெரிந்ததை வரைந்திருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது, கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வட்டம் விரிந்து தெரியும் என்பதால், அகலத்தோடு ஒப்பிட்டால் வாயைவிட அடிதான் கூடுதலாக வளைய வேண்டும். இதை எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு வாளியைப் பிள்ளையின் முன்னால் பிடித்து, மெல்ல மெல்ல உயர்த்தி, வாய் ஒடுங்கி ஒரு கோடாவதைக் காட்டிவிட்டு, "உங்கட படத்தில அடி எப்படி இருக்குது?" என்று கேட்டால் போதும்.

பெட்டிப் பயிற்சிக்கு அதுகூடத் தேவையில்லை. அடிமட்டமும் வேறு நிறப் பேனையும் கொடுத்து, எம்மைவிட்டு விலகிச் செல்லும் விளிம்புகளைப் பின்னோக்கி நீட்டச் சொல்லும். ஒரே புள்ளியை நோக்கி நெருங்க வேண்டிய கோடுகள் விலகிப் போனால், பிழையைத் தாளே காட்டிவிடும். கண்மட்டம் விளங்காத பிள்ளைகளைக் கோணேசர் கோயில் மலைக்குக் கூட்டிச் செல்லும். கடற்கரையில் கண்ணுக்கு நேரே இருந்த தொடுவானம், அவ்வளவு உயரம் ஏறிய பிறகும் கண்ணுக்கு நேராகவே நிற்கும். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பிள்ளையின் கோட்டின் மேல் உமது கோட்டைப் போட வேண்டாம். போட்டால் அந்தப் படம் உம்முடையதாகிவிடும்; பிள்ளை அதைப் பார்த்துக் கொப்பியடிக்கத்தான் பழகும். ஒரு தாளில் ஒரு பிழைக்கு மேல் தொடவும் வேண்டாம். நடுங்கிய கோடும் நிழலும் காத்திருக்கட்டும்.

கருத்தைப் பெற்றுக்கொள்ளவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். "வடிவா இருக்கா, சேர்?" என்று தாளை நீட்டினால் "வடிவா இருக்கு" என்ற பதில்தான் கிடைக்கும், "வாளி தரையில இருக்கிற மாதிரித் தெரியுதா?" என்று கேட்கும் பிள்ளைக்கே உதவக்கூடிய பதில் வரும். பிழை சொன்னவுடன் அழிறப்பரைத் தேடும் கையைத் தடுத்து, அந்தத் தாளை அப்படியே வைத்துவிட்டு, புதிய தாளில் அதே வாளியை வரையச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் என்ன மாறியது என்பது பிள்ளைக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு, பிள்ளைகளுக்கு முன்னால் அடிமட்டம் இல்லாமல் நீரும் ஒரு பெட்டியை வரைந்து, விளிம்புகளை நீட்டிப் பார்க்கச் சொல்லி அவர்களிடமே கொடும். அவர்கள் பிழை காட்டினால், விளக்கம் சொல்லாமல் அடுத்த பெட்டியை அங்கேயே வரையும்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்