புதுப்பித்த ஓட்டலுக்கு முந்தைய ஆண்டு: எலின் ஹில்டர்பிராண்டுக்கு ஒரு கடிதம்

அன்பிற்குரிய எலின் ஹில்டர்பிராண்ட் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் நடக்கும், 2022இல் வெளிவந்த உங்கள் ‘தி ஹோட்டல் நான்டக்கெட்’ நாவலை இந்தக் கோடையில்தான் படித்தேன். கடற்கரையில் சாய்ந்து கிடந்து வாசிப்பதற்கென்றே எழுதப்படும் நாவல்களைத் தீவிர வாசகர்கள் சற்று இளக்காரமாகப் பார்ப்பது எங்களிடமும் உண்டு. எனக்கு அந்த இளக்காரம் இல்லாததால்தான், நாவல் மீதான என் ஒரே மனக்குறையை உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். பாழடைந்து கிடந்த ஓட்டலை சேவியர் டார்லிங் என்ற லண்டன் கோடீஸ்வரர் வாங்கிப் புதுப்பிக்கிறார் என்றதும், விருந்தினர்களின் காதலும் மதுக்கோப்பையுமாகக் கதை போய்விடும் என்று எண்ணினேன். நீங்களோ மேலாளர் லிஸ்பெட்டையும், வரவேற்பு மேசையில் நிற்பவர்களையும், அறைகளைத் துப்புரவு செய்பவர்களையும் முன்னே நிறுத்தினீர்கள். கோடை விடுமுறைக்குத் தீவுக்கு வரும் பணக்கார வீட்டுப் பையன் சாட், பிறர் விட்டுச்சென்ற அழுக்கைத் துடைக்கும் வேலையைத் துப்புரவுப் பணியாளர்களின் தலைவி மேக்டாவிடம் கற்றுக்கொள்ளும் பகுதிகள்தாம் நாவலின் உயிர். 1922இல் அந்த ஓட்டலில் மூண்ட தீயில் மாண்டு, ஆவியாக உலவும் கிரேஸும் அங்கே பணிப்பெண்ணாக இருந்தவள்தான் என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஆவிக்கதைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால், நூறாண்டுகளாக ஓட்டலை விட்டு நீங்காத ஓர் ஊழியரின் கண்ணால் அதைக் காட்டியது நல்ல உத்தி.

என் குறை இதுதான்: நாவல் தொடங்கும்போது ஓட்டலின் சீரமைப்பு முடிந்துவிட்டிருக்கிறது. நான்டக்கெட்டைப் பொறுத்தவரை சீரமைப்பே ஒரு முழு நாடகம் அல்லவா? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கரையிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தள்ளியிருக்கும் அத்தீவின் பழைய கட்டடங்கள் 1955 முதல் சட்டத்தின் காவலில் இருப்பதையும், ஒரு சன்னலின் வடிவத்திற்கும் கதவின் நிறத்திற்கும்கூட வரலாற்றுப் பகுதி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டியிருப்பதையும், வெயிலும் உப்புக்காற்றும் பட்டுச் சாம்பல் நிறமேறிய, வீட்டுச் சுவர்களில் பதித்த தேவதாருச் சில்லுகள்தாம் ஊரின் முகம் என்பதையும் என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வீழ்ச்சி இருக்கிறது. திமிங்கல எண்ணெயால் கொழித்த ஊரில் 1846 ஜூலையில் மூண்ட பெருந்தீ நகரத்தின் மையத்தைச் சுட்டெரித்தது. துறைமுக வாயிலின் மணல்மேடு பெரிய கப்பல்களைத் தடுத்தது. கலிபோர்னியாத் தங்கம் ஆண்களை இழுத்துக்கொண்டு போனது. பின்னர் பூமியிலிருந்து எடுத்த எண்ணெய் மிச்சமிருந்த தொழிலையும் முடித்துவைத்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாமற்போனதால்தான் பழைய வீடுகள் அப்படியே நின்றன. வறுமை காப்பாற்றிய வீடுகளுக்குச் செல்வர்கள் இன்று விலை பேசுகிறார்கள்.

1845இல் ஜாரெட் காஃபின் கட்டிய செங்கல் மாளிகையின் கதையையே பாருங்கள். மறு ஆண்டுத் தீயில் தப்பிய அந்த வீடு விரைவிலேயே ஓட்டலானது. 1960களில் தொழிலதிபர் வால்டர் பைனெக்கியின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டது. துறைமுகப் படகுத்துறைகளையும் வாங்கிச் சீரமைத்த அவர், பகல்பொழுதுக்கு மட்டும் வந்து போகும் கூட்டத்தைவிடச் சிலராக வந்து அதிகம் செலவழிப்பவர்களே தீவுக்கு நல்லது என்று கருதியவர். ஊர் அழகானதற்காக அவரைப் போற்றியவர்களும், தங்கள் ஊர் தங்கள் கையைவிட்டுப் போனதாகக் குமுறியவர்களும் அங்கே இருந்தார்கள். ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பவர் அதற்குள் யார் வரலாம் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறார் என்பது என் எண்ணம். உங்கள் சேவியர் டார்லிங் இந்த இடத்தில்தான் எனக்குச் சற்றுத் தட்டையாகத் தெரிகிறார். அவருடைய பணம் கதையை ஓட்டுகிறதே தவிர, அது ஊரை என்ன செய்கிறது என்று கதை நின்று கேட்பதில்லை.

ஜமைக்காவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் அத்தீவுக்கு வேலைக்கு வருபவர்கள் ஒரு படுக்கைக்கு இடம் தேடி அலைவதைப் படித்திருக்கிறேன். வீட்டு விலை எட்டாத உயரத்தில் நிற்கும் ஊரில், நாவலில் வரும் ஓட்டல் விமர்சகர் தரும் உச்ச மதிப்பீடான ஐந்தாவது சாவிக்காக ஏங்கும் ஓட்டலின் தலையணை உறைகளை மாற்றுபவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதே ஒரு கோடை நாவலுக்குப் போதுமான கதை. சிரிப்பும் காதலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றோடு இதையும் சுமக்கும் வலு உங்கள் நடைக்கு உண்டு.

2024இல் வந்த நாவலோடு நான்டக்கெட் கோடைக்கதைகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்திருந்தீர்கள். ஒருவேளை மனம் மாறினால், ஓட்டல் திறப்பதற்கு ஓராண்டு முன்பிருந்து தொடங்குங்கள்: ஆணையத்தின் முன் வரைபடத்தை விரித்து வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர், குளிர்காலத்தில் கூரையேறும் தச்சர்கள், தன் அறைச் சுவரைத் தட்டிப் பார்ப்பவர்களை மேலிருந்து கவனிக்கும் கிரேஸ்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து உங்கள் வாசகி